பெரியப்பாவின் கருவூலமும் டெல்லியின் கஜானாவும்

மானாமதுரையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. சார்நிலைக் கருவூலத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2004ல் ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி, பேப்பர், அப்புறம் புனேவில் இருக்கும் எனக்கு ஒரு போன். இது பல வருஷப் பழக்கம். பேப்பரில் அன்றைக்கு எந்தச் செய்தி அவரைக் கடுப்பேற்றியதோ அதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும், ஏதோ நான்தான் நிதியமைச்சர் என்பதுபோல.

போன வாரம் மாட்டியது வட்டி. 2025-26 பட்ஜெட் கணக்குப்படி மத்திய அரசுக்கு வரும் வருவாயில் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 37 ரூபாய் பழைய கடனுக்கு வட்டி கட்டவே போய்விடுகிறது. கடன் வாங்கி வரும் பணத்தைச் சேர்க்காமல், சொந்த வருவாயில் மட்டும்.

"நூத்துக்கு முப்பத்தேழு ரூவா வட்டி கட்டுறவனுக்கு நீ பொண்ணு குடுப்பியாடா?" என்றார்.

"பெரியப்பா, குடும்பம் வேற, அரசாங்கம் வேற. மந்தம் வர்றப்ப அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவு பண்ணணும்..."

"எல்லாம் ஒண்ணுதான். வரவுக்குள்ள செலவு. நான் பாக்காத அரசாங்கமா?"

வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு டிபன் நேரம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பார்த்த அரசாங்கம் உண்மைதான். எந்த அரசாங்கத்தைப் பார்த்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் புனேவுக்கு வந்தது 2006ல். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காஸ்டிங் வேலை. ஒரு போல்ட் எட்டு ரூபாயா, ஏழே முக்காலா என்று சப்ளையர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. அதில் ஒருவர் போசரி எம்.ஐ.டி.சி.யில் ஐந்து மெஷின் வைத்து ஜாப்வொர்க் செய்துகொண்டிருந்தார். வயதானவர், எல்லோருக்கும் காகா. லாரி அச்சுக்குப் போகும் ஒரு சின்ன பாகத்தைக் கடைந்து கொடுப்பார். இரண்டு ஷிப்ட், பதினோரு பேர்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நியூயார்க்கில் மஞ்சக் கடுதாசி கொடுத்தபோது காகாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. நவம்பரில் தெரிந்தது. வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் லாரிக் கடனை இறுக்கிப் பிடித்தன. லாரி வாங்க ஆளில்லை. பெரிய தொழிற்சாலைகள் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் 'பிளாக் குளோஷர்' என்று கதவைச் சாத்தின. அவர்கள் எங்களுக்குக் கொடுத்த ஷெட்யூலை வெட்டினார்கள், நாங்கள் காகாவுக்குக் கொடுத்ததை வெட்டினோம். வெட்டி மெயில் அனுப்பியது அடியேன்தான். காகா இரண்டாவது ஷிப்டை நிறுத்தி ஐந்து பேரை ஊருக்கு அனுப்பினார். வாசலில் வடாபாவ் போட்ட அம்மா சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டார்.

இதில் யார் செய்தது தப்பு? யாருமே தப்புச் செய்யவில்லை. வங்கி ஜாக்கிரதையாக இருந்தது, கம்பெனி சிக்கனமாக இருந்தது, காகா விரலுக்கேத்த வீக்கம் என்று இருந்தார். எல்லோரும் பெரியப்பா சொன்னபடி வரவுக்குள் செலவு செய்தார்கள். அதனாலேயே எல்லோருடைய வரவும் குறைந்தது. என் செலவுதான் காகாவின் வரவு, காகாவின் செலவுதான் வடாபாவ் அம்மாவின் வரவு. ஒரே நேரத்தில் எல்லோரும் பையை மூடினால் எல்லோருடைய பையும் காலியாகும். கெய்ன்ஸ் 1936லேயே புத்தகம் போட்டுச் சொன்ன சமாச்சாரம் இது. எனக்கு அது போசரியில் ஓடாத மெஷின்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பையைத் திறக்க ஒருவராவது வேண்டும். தன் வரவு குறைந்தாலும் தொடர்ந்து கடன் கிடைக்கும் ஆள் வேண்டும். நாட்டில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

அந்த ஆள் அப்போது கொஞ்சம் வேகமாகவே வேலை செய்தார் என்று சொல்லவேண்டும். 2008 டிசம்பர் 7ஆம் தேதி கலால் வரியில் நான்கு புள்ளிகள் குறைப்பு. பெரும்பாலான பொருட்களுக்கு 14 சதவீதம் இருந்தது 10 ஆனது. பிப்ரவரியில் அதுவும் 8 ஆனது. 2009 ஜனவரி 2ஆம் தேதி இரண்டாவது தவணை. அதில் இரண்டு சின்ன விஷயங்கள் இருந்தன. பேப்பர்களில் உள்பக்கத்தில் வந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் 31க்குள் வாங்கும் சரக்கு வண்டிகளுக்கு 50 சதவீதம் தேய்மானம் காட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று. நகரப் பேருந்து வாங்க மாநிலங்களுக்கு ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் ஒருமுறை உதவி என்பது இன்னொன்று.

லாரி முதலாளிக்கு இது எப்படிக் கணக்கு என்றால், இருபது லட்சம் ரூபாய் வண்டியில் பத்து லட்சத்தை அந்த வருஷமே லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் மார்ச் 31க்குள் வாங்கவேண்டும். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவரை இந்த மாதமே ஷோரூமுக்கு இழுத்து வரும் வேலை. மந்த காலத்தில் மக்களின் வியாதியே தள்ளிப்போடுவதுதான், அதனால் கெடு வைத்த சலுகை நல்ல மருந்து. பிப்ரவரி கடைசியில் காகாவின் மூன்றாவது மெஷின் ஓட ஆரம்பித்தது. பஸ் ஆர்டர்கள் அதற்குப் பிறகு மெதுவாக வந்தன. ஊருக்குப் போன ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

இதெல்லாம் திட்டமிட்ட புத்திசாலித்தனம் மட்டும் இல்லை. 2009ல் தேர்தல் வருகிறது என்று ஏற்கெனவே விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்திருந்தார்கள். ஆறாவது சம்பளக் கமிஷன் நிலுவையில் 40 சதவீதம் அந்த வருஷமே கைக்கு வந்தது. ஊரக வேலைத் திட்டம் 2008 ஏப்ரலில்தான் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் போயிருந்தது. குடை வாங்கி வைத்த மறுநாள் மழை வந்த கதை. மத்திய அரசின் பற்றாக்குறை 2007-08ல் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக இருந்தது, மறுவருஷம் 6, அதற்கடுத்த வருஷம் 6.5. ரிசர்வ் வங்கியும் தன் பங்குக்கு 9 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ஆறே மாதத்தில் 4.75க்கு இறக்கியது. அப்போதைய கணக்குப்படி வளர்ச்சி 2008-09ல் 6.7 சதவீதத்துக்கு விழுந்து மறுவருஷமே எட்டரையைத் தொட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் பெரியப்பாவிடம் ஜெயித்திருப்பேன்.

நிறுத்தவில்லை. அதுதான் பிரச்சனை. 8 சதவீதத்துக்கு இறக்கிய கலால் வரி 2010ல் 10 ஆனது, 12ஐத் தொட 2012 ஆனது. 2010-11ல் பற்றாக்குறை 4.8க்கு இறங்கியதே என்பார்கள். அந்த வருஷம் 3ஜி, பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் வந்து விழுந்தது. வீட்டில் இருந்த நகையை விற்றுவிட்டு 'இந்த மாதம் துண்டு விழவில்லை' என்று சொல்வதுபோல. மறுவருஷமே குட்டு வெளிப்பட்டது. 2011-12 பட்ஜெட்டில் 4.6 என்று சொல்லிவிட்டு 5.9ல் போய் நின்றார்கள். டீசல், காஸ், உரம் என்று மானியம் எகிறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓடிய காலத்திலும் அரசாங்கம் ஆக்ஸிலேட்டரை அமுக்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் ரிசர்வ் வங்கி 2010 மார்ச்சில் ஆரம்பித்து 2011 அக்டோபருக்குள் பதின்மூன்று முறை வட்டியை ஏற்றி பிரேக்கை மிதித்தது. ஒரே வண்டியில் இரண்டு டிரைவர். இரண்டையும் சேர்த்து மிதித்தால் என்ன நடக்கும் என்று போசரியில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

விலைவாசி வருஷாவருஷம் பத்து சதவீதத்தை ஒட்டியே ஏறியது. முழுப் பழியையும் பற்றாக்குறை மீது போடமாட்டேன், கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியிருந்த காலம் அது. ஆனாலும் பங்கு உண்டு. 2012-13ல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 4.8 சதவீதம். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. 2012ல் விஜய் கேல்கர் தலைமையில் குழு போட்டு (இங்கே புனேக்காரர்தான்) அவசர அவசரமாகச் செலவை வெட்ட ஆரம்பித்தார்கள். அப்போது வளர்ச்சி ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடைமழையில் மடையைத் திறந்து வைத்துவிட்டு, கோடை வந்ததும் பதறிப்போய் அடைத்த கதை.

நிற்க. இதிலிருந்து டெல்லி என்ன பாடம் கற்றது என்பதுதான் இந்தப் பதிவின் முக்கிய விஷயம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது சரி, காய்ச்சல் விட்ட பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தது தப்பு. இவ்வளவுதான் பாடம். ஆனால் கற்றுக்கொண்டது வேறு: மருந்தே ஆகாது.

அதன் விலை 2020ல் தெரிந்தது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் ஏறக்குறைய 24 சதவீதம் சுருங்கியது. 2008ல் நடந்தது இதன் முன்னால் ஒரு தும்மல். என்ன செய்தார்கள்? மே 12ஆம் தேதி இருபது லட்சம் கோடி என்று அறிவிப்பு. ஐந்து நாள் விவரம் சொன்னார்கள், நானும் ஐந்து நாளும் டிவி முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன் (ஊரடங்கில் வேறு வேலை?). அதில் எட்டு லட்சம் கோடிக்கு மேல் ரிசர்வ் வங்கி செய்த பண ஏற்பாடுகள். மூன்று லட்சம் கோடி சிறுதொழில்களுக்கு வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம். அரசாங்கம் அந்த வருஷம் நிஜமாகத் தன் கையிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் புதுப் பணம் என்று பார்த்தால் மொத்தத்தில் சிறு பங்குதான்.

காகா 2017ல் தவறிவிட்டார். பையன் அதே ஷெட்டை நடத்திக்கொண்டிருந்தார். ஜூனில் பேங்க் மேனேஜர் அவருக்குப் போன் போட்டு, பாக்கி நிற்கும் கடனில் இருபது சதவீதம் கூடுதலாகத் தருகிறோம், ஜாமீன் வேண்டாம், வட்டி ஒன்பதேகாலுக்கு மேல் போகாது, ஒரு வருஷம் அசல் கட்டவேண்டாம் என்றிருக்கிறார். மனுஷன் என்னிடம் கேட்டது: "கடன் தர்றாங்க சார், சரி. ஆர்டர் யார் தருவாங்க?"

வாங்கினார். அதை வைத்து இரண்டு மாதம் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்டினார். அந்தக் கடன் உத்தரவாதத்தால் நிறைய யூனிட்டுகள் மூடாமல் தப்பித்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் 2009ல் அவர் அப்பாவுக்குக் கிடைத்தது ஆர்டர். இவருக்குக் கிடைத்தது கடன். அரசாங்கம் வாங்கியிருக்கவேண்டிய கடனை இவர் தலையில் கட்டினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இருவரில் யாருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும், யார் திவாலாகமாட்டார் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

இதற்கு மேல் சிக்கன நடவடிக்கை வேறு. ஏப்ரலில் மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை ஒன்றரை வருஷத்துக்கு நிறுத்தினார்கள். ஜூனில் புதுத் திட்டம் எதுவும் அடுத்த மார்ச் வரை கூடாது என்று நிதியமைச்சகச் சுற்றறிக்கை. மார்ச்சில் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் மூன்று ரூபாய் கலால் ஏற்றியிருந்தார்கள். மே மாதம் மறுபடியும் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். உலகத்தில் எண்ணெய் விலை அதலபாதாளத்தில் கிடந்தபோது அந்த லாபம் ஜனங்கள் கைக்குப் போகாமல் கஜானாவுக்குப் போனது. நாடே முடங்கிக் கிடக்கும் காலாண்டில் வரி ஏற்றுவதற்கு ஒரு மனத்துணிச்சல் வேண்டும் :-)

'அந்த வருஷப் பற்றாக்குறை 9.2 சதவீதமாச்சே, இதுவா கஞ்சத்தனம்' என்று கேட்கலாம். அதில் பெரும் பங்கு வரி வராமல் விழுந்த பள்ளம், உற்பத்தி சுருங்கியதால் சதவீதமும் பெரிதாகத் தெரிந்தது. இன்னொரு பங்கு, இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த மானியக் கடனை ஒருவழியாகக் கணக்குக்குள் கொண்டுவந்தது (நல்ல காரியம், ஆனால் அதை வைத்து யாரும் அரிசி வாங்க முடியாது).

எதிர்த்தரப்பு வாதமும் சும்மா இல்லை. அமெரிக்கா அள்ளி வீசியது, 2022 ஜூனில் அங்கே விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதம். நம்மூரில் அவ்வளவு போகவில்லை. எண்பது கோடிப் பேருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசமாகப் போனது பெரிய விஷயம். பட்டினிச்சாவு தலைப்புச் செய்தியாகாமல் காத்தது அதுதான். 2021க்குப் பிறகு சாலை, ரயில் என்று மூலதனச் செலவை ஏற்றி 2023-24ல் பத்து லட்சம் கோடி ஒதுக்கினார்கள், அதற்கும் என் ஓட்டு உண்டு. ஆனால் மூன்று வருஷம் கழித்துப் போடும் நெடுஞ்சாலை 2020 ஜூலையில் வேலை போனவனுக்கு உதவாது. பெண்களின் ஜன்தன் கணக்குக்கு மாதம் ஐந்நூறு ரூபாய், மூன்று மாதம். அதோடு சரி. ஐந்நூறு ரூபாய்! புனேயில் ஒரு சிலிண்டருக்கே பத்தாத காசு.

இப்போது பெரியப்பாவுக்கு வருகிறேன்.

அவர் பார்த்தது மாநில அரசாங்கத்தை. மார்ச் 31ஆம் தேதி ராத்திரி வரை சார்நிலைக் கருவூலத்தில் பில்லோடு காத்திருக்கும் கூட்டம், அலாட்மென்ட் இல்லை என்று டோக்கன் போட மறுப்பது, 'இந்த மாதம் சம்பளம், பென்ஷன் மட்டும் பாஸ் பண்ணு, காண்ட்ராக்டர் பில்லை அப்படியே வை' என்று மேலிருந்து வரும் வாய்மொழி உத்தரவு. இதெல்லாம் அவர் சொல்லிச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், 2003 ஜூலையில், சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைத் தமிழக அரசு ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்ததையும் பார்த்தவர். மாநிலத்திடம் காசு இல்லை என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மாநிலம் நிஜமாகவே குடும்பம் மாதிரிதான். ரூபாய் அச்சடிக்கும் ரிசர்வ் வங்கி அதன் கையில் இல்லை. அரசியல் சட்டத்தின் 293வது பிரிவுப்படி மத்திய அரசுக்குப் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் வாங்க டெல்லியின் சம்மதம் வேண்டும். பாக்கி இல்லாத மாநிலம் எது? மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஓவர்டிராஃப்ட் குறிப்பிட்ட நாட்களைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிடும். ஜி.எஸ்.டி. வந்தபிறகு சொந்தமாக வரி ஏற்ற மிச்சம் இருப்பது பெட்ரோல், சாராயம், பத்திரப் பதிவு போன்ற சிலதுதான். 2020 மே 7ஆம் தேதி கொரோனாவுக்கு நடுவில் டாஸ்மாக்கை ஏன் திறந்தார்கள் என்று கேட்டு எல்லோரும் திட்டினோம். குடிமகன்கள் மேல் பாசம் இல்லை, கருவூலத்தில் ஈரம் இல்லை.

எங்கள் மகாராஷ்டிராவில் அதே மே மாதம் வளர்ச்சித் திட்டங்களுக்கு பட்ஜெட்டில் சொன்னதில் 33 சதவீதம் மட்டுமே விடுவிப்பது, புதுக் கட்டுமான வேலை கிடையாது, ஆளெடுப்பு கிடையாது என்று அரசாணை போட்டார்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆக்கி, அந்த வருஷம் கொடுக்கவேண்டிய ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளி வைத்தார்கள். மாநிலங்கள் விரும்பிச் செய்ததில்லை. வேறு வழியில்லை. டெல்லி 2020ல் கடன் கோட்டை 3லிருந்து 5க்கு உயர்த்தியது. ஆனால் அந்த இரண்டில் அரை சதவீதம்தான் கேள்வி கேட்காமல். மிச்சத்துக்கு ரேஷன் கார்டு சீர்திருத்தம் செய், மின்வாரியத்தைச் சரிசெய் என்று நிபந்தனைகள். வீடு எரியும்போது 'முதலில் ஒயரிங்கை மாற்று, தண்ணீர் தருகிறேன்' என்பதுபோல. ஜி.எஸ்.டி. இழப்பீட்டுப் பாக்கிக்கும் முதலில் மாநிலங்களையே கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அக்டோபரில்தான் மத்திய அரசு தானே வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஆக, மந்த காலத்தில் குடும்பமும் கையைக் கட்டும், கம்பெனியும் கட்டும், மாநிலமும் கட்டியே ஆகவேண்டும். டெல்லி ஒன்றுக்குத்தான் கட்டாயம் இல்லை. அதன் கடன் பெரும்பாலும் ரூபாயில்; கொடுத்தது நம் வங்கிகளும் எல்.ஐ.சி.யும் பிராவிடண்ட் ஃபண்டும். 1991ல் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பிய நிலைமை வந்தது டாலர் கையிருப்பு தீர்ந்ததால், ரூபாய்க் கடனால் இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் 'எல்லா அரசாங்கமும் ஒண்ணுதான்' என்பதில்தான் பெரியப்பாவோடு எனக்குச் சண்டை. வட்டி நூற்றுக்கு முப்பத்தேழு என்பது நல்ல காலத்தில் அடைக்கவேண்டிய கடன். கெட்ட காலத்தில் கையை விரிக்கச் சொல்லும் சாக்கு ஆகாது.

சரி, 2009ல் நிறுத்தத் தெரியவில்லை, 2020ல் ஆரம்பிக்கத் தெரியவில்லை. இரண்டுமே மனுஷன் முடிவெடுப்பதால் வரும் வினை. எங்கள் ஊர்க் கண்மாயில் கலிங்கு என்று ஒன்று உண்டு. தண்ணீர் மட்டம் ஏறினால் தானாக வழியும், இறங்கினால் தானாக நிற்கும். யாரும் ராத்திரியில் ஓடிவந்து மடையைத் திறக்கவேண்டியதில்லை, அடைக்க மறக்கவும் முடியாது. அரசாங்கச் செலவில் நம்மிடம் அப்படி இருந்த கலிங்கு நூறு நாள் வேலைதான். கேட்டால் வேலை கொடுக்கவேண்டும் என்பது 2005ல் வந்த அந்தச் சட்டம். சாதாரணக் கூலி முழுவதும் டெல்லி பணம்.

2019-20ல் 265 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. புனேயிலிருந்தும் சூரத்திலிருந்தும் ஜனங்கள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்த 2020-21ல் அது 389 கோடி. செலவு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் கோடி. பட்ஜெட்டில் முதலில் ஒதுக்கியது 61,500 கோடிதான். வந்து கேட்டார்கள், வழிந்தது. மறுவருஷம் 363 கோடி நாட்கள், அதற்கடுத்து 295. ஃபாக்டரிகள் திறந்தன, ஜனங்கள் திரும்பினார்கள், வடிந்தது. ஊரடங்கில் மிச்சம் எல்லாம் சறுக்கியபோது உருப்படியாக வேலை செய்த ஒரே கருவி என்று நான் சொல்வேன். குறை இல்லாமல் இல்லை. கூலி மாதக்கணக்கில் இழுக்கும், மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வந்த நாட்களும் உண்டு, பல ஊரில் ஐம்பது நாள் கிடைத்தாலே அதிகம். ஒட்டுக் கலிங்கு. ஆனால் கலிங்கு.

2025 டிசம்பரில் அதை எடுத்துவிட்டு வேறு சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். 125 நாள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று டெல்லி முன்கூட்டியே ஒரு தொகை நிர்ணயிக்கும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலைவலி. அந்தத் தொகைக்குள்ளும் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பங்கு 60க்கு 40. அதாவது கெட்ட வருஷத்தில் கூலி கேட்டு வருகிறவர்கள் கூடும்போது, கூடுதல் செலவைக் கடன் வாங்க முடிந்த ஆளிடமிருந்து எடுத்து, கடன் வாங்க முடியாத ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள். வரி வராமல் பில்லை அமுக்கிக்கொண்டிருக்கும் மாநிலம் நாற்பது ரூபாய்க்கு எங்கே போகும்? ஊழல், போலிக் கணக்கு என்று காரணம் சொல்கிறார்கள். ஊழலைப் பிடிக்க வேறு வழி உண்டு. இது கலிங்கை இடித்து அந்த இடத்தில் பூட்டுப் போட்ட மடை வைத்த வேலை. சாவி டெல்லியில்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானே முந்திக்கொண்டு போன் போட்டேன். வட்டிப் பேச்சை எடுக்காமல் இந்த 60:40 விஷயத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்த நாப்பது மாநில பட்ஜெட்டுலருந்தா வரணும்?"

"ஆமா பெரியப்பா."

"வசூல் படுத்துட்ட வருஷத்துலயும்?"

"எல்லா வருஷமும்தான்."

"அப்ப அலாட்மென்ட் வராதுடா. பில்லு என் டேபிள்லதான் கிடக்கும்" என்றார். ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அவர் டேபிள்தான். அப்புறம், "அதுக்காக முப்பத்தேழு ரூவா வட்டிய நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார்.